முதல் சண்டை கேமை வடிவமைக்கும் முன்: புதியவருக்கும் போட்டியாளருக்கும் ஒரே கேமில் இடம் தரும் வழி

இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று மோதும் சண்டை கேம் ஒன்றைச் சொந்தமாக உருவாக்கப் புறப்படுபவர், படம் வரைவதற்கும் நிரல் எழுதுவதற்கும் முன்பே ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். வீட்டுக்கு வந்த நண்பரின் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்துக்குள் அவருக்கு ஆட்டம் பிடித்துப்போக வேண்டும். அதே கேமை ஓராண்டு விளையாடிப் போட்டிகளுக்குப் போகிறவருக்கும் கற்றுக்கொள்ள இன்னும் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். இவை இரண்டையும் தராசின் இரு தட்டுகளாக நினைத்து, ஒன்று ஏறினால் மற்றொன்று இறங்கியே தீரும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். என் பார்வையில் அந்தக் கணக்கு தவறு. ஓர் அடியைப் போடுவது கைக்கு எவ்வளவு கடினம் என்பது ஒரு விஷயம். அதை எப்போது போடுவது என்று முடிவெடுப்பது எவ்வளவு கடினம் என்பது வேறு விஷயம். முதலாவதைத் தாராளமாகக் குறைக்கலாம். இரண்டாவதைக் குறைத்தால்தான் கேம் சப்பென்று ஆகிவிடுகிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டே செல்கின்றன.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யூனிட்டி, கோடோ போன்ற பொதுவான எஞ்சின்களே போதும். பெரிதாக நிரல் எழுதாமல், உரைக் கோப்புகளில் எண்களை மாற்றி மாற்றிச் சோதிக்க விரும்பினால் முகென் என்ற பழைய எஞ்சினும், அதன் வழியில் திறந்த மூல நிரலாக வளர்ந்த இக்கெமென் கோவும் இலவசமாகக் கிடைக்கின்றன.

படி 1: அடி, தடுப்பு, பிடி

அழகான கதாபாத்திரங்களுக்குப் போகாமல், இரண்டு சாம்பல் நிறப் பெட்டிகளைத் திரையில் நிறுத்துங்கள். அவற்றுக்கு மூன்றே செயல்களைக் கொடுங்கள்: அடிப்பது, தடுப்பது, பிடித்து எறிவது. தடுப்பு அடியை வெல்லும். பிடி தடுப்பை வெல்லும். பிடிக்க வருபவரை அடி வெல்லும். ஏறத்தாழ எல்லாச் சண்டை கேம்களின் அடியிலும் இந்த முக்கோணம் இருக்கிறது. இதற்கு எந்தப் பயிற்சியும் தேவையில்லை என்பதால் புதியவர் முதல் சுற்றிலேயே இதற்குள் வந்துவிடுவார். எதிராளியின் பழக்கத்தைப் படித்து அவரது அடுத்த தேர்வை ஊகிப்பதற்கு எல்லை இல்லை என்பதால் போட்டியாளருக்கும் இது தீர்ந்துபோகாது.

முக்கோணத்துக்கு உயிர் கொடுப்பது நேரக் கணக்கு. சண்டை கேம்கள் பெரும்பாலும் நொடிக்கு 60 ஃபிரேம்களில், அதாவது 60 தனித்தனிப் படங்களாக, ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி. ஒவ்வோர் அடிக்கும் மூன்று எண்கள் உண்டு: கை கிளம்பி எதிராளியைத் தொடக்கூடிய நிலைக்கு வர ஆகும் ஃபிரேம்கள், தொட்டால் அடிபடும் ஃபிரேம்கள், கை திரும்பி வரும் ஃபிரேம்கள். கண்ணால் கண்டு, பட்டனை அமுக்க மனிதருக்குக் குறைந்தது 200 முதல் 250 மில்லிநொடி, அதாவது 12 முதல் 15 ஃபிரேம்கள் ஆகின்றன. ஆட்டத்தின் பரபரப்பில் இன்னும் கூடுதலாகும். ஆகவே 5 ஃபிரேமில் வரும் குத்தைப் பார்த்துத் தடுக்க யாராலும் முடியாது, ஊகிக்கத்தான் வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் டிரைவ் இம்பாக்ட் என்ற பெரிய அடி கிளம்ப 26 ஃபிரேம்கள் ஆவதால், கவனமாக இருப்பவர் அதைப் பார்த்தே பதில் சொல்லலாம். புதியவருக்கு அந்த அடி ஒரே பட்டன் சேர்க்கையில் கிடைக்கும் அதிரடி. தேர்ந்தவருக்கோ எதிராளியின் கவனம் வேறெங்கோ இருக்கும் நொடியைத் தேடிப் போட வேண்டிய பந்தயம். உங்கள் அடிகளை ஊகிக்க வேண்டியவை, பார்த்துத் தடுக்கக்கூடியவை என்று இரண்டாகப் பிரித்து, இரண்டு வகையிலும் சில வைத்துக்கொள்ளுங்கள்.

கைக்கு எளிதாக இருந்தும் ஆழமாக இருக்கும் செயலுக்கு, 1999இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் III: தேர்டு ஸ்ட்ரைக்கின் பாரியை விடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அடி வந்து சேரும் கணத்தில் ஸ்டிக்கை எதிராளியை நோக்கி ஒரு முறை தட்டினால் போதும், அடி சேதமின்றித் திருப்பப்படும். சிறுவர் கூடச் செய்யக்கூடிய அசைவு அது. ஆனால் தடுப்பதற்குப் பின்னோக்கிய திசையைப் பிடித்திருக்க வேண்டும். முன்னோக்கித் தட்டுகிறவர் தடுப்பைக் கைவிடுகிறார், கணம் தவறினால் அடி முழுதாக விழும். சண்டை கேம்களுக்கான பெரிய போட்டியான எவோவில், 2004இல், டைகோ உமெஹாரா ஆடிய கென் என்ற கதாபாத்திரத்திடம் உயிர்க்கோடு மயிரிழை அளவே எஞ்சியிருந்தது. தடுத்தாலும் கசியும் சேதத்திலேயே தோற்றுவிடுவார் என்ற நிலையில், ஜஸ்டின் வாங் ஆடிய சுன்-லீயின் சூப்பர் தாக்குதலின் 15 உதைகளையும் அவர் இப்படியே தட்டித் தட்டித் திருப்பினார். அங்கே தேவைப்பட்டது சிக்கலான விரல் வித்தை அன்று. சூப்பர் எந்தக் கணத்தில் வரும் என்பதை முன்பே ஊகித்திருக்க வேண்டும். உதைகளின் தாளம் மனத்தில் இருந்திருக்க வேண்டும்.

2019இல் வந்த ஃபேன்டஸி ஸ்ட்ரைக் இன்னும் ஒரு படி போய், எதிராளி பிடிக்க வரும்போது கன்ட்ரோலரிலிருந்து கையை எடுத்துவிட்டாலே பிடி எதிர்ப்பாகத் திரும்பும்படி செய்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதே ஒரு செயல்; ஆனால் ஊகம் பிசகி எதிராளி அடித்துவிட்டால் தடுப்பின்றி வாங்க வேண்டியதுதான். உங்கள் பெட்டிகளுக்கும் இப்படி ஒரு செயலைக் கண்டுபிடியுங்கள்: போட எளிதாக, தவறினால் விலை உயர்ந்ததாக.

படி 2: பட்டனும் ஸ்டிக்கும்

புதியவர்கள் சண்டை கேமை விட்டு ஓடுவதற்கு முதல் காரணமாகச் சொல்லப்படுவது ஸ்பெஷல் அடிகளுக்கான ஸ்டிக் அசைவுகள். கீழ், கீழ்-முன், முன், பிறகு குத்து என்றால் ஸ்ட்ரீட் ஃபைட்டரின் ரியூ எறியும் ஹடோகென் என்ற எறிகணை. முன், கீழ், கீழ்-முன், குத்து என்றால் மேல்நோக்கிப் பாயும் குத்தான ஷோரியூகென். இவற்றை ஒழித்துவிட்டு ஒரே பட்டனில் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். அந்த அசைவுகள் கைக்கு வைத்த தடையாக மட்டும் இருக்கவில்லை. பல இடங்களில் அவையே சமநிலையைக் காத்தன. அதே தொடரின் கைல் வீசும் சோனிக் பூம் என்ற எறிகணைக்குச் சற்று நேரம் பின்னோக்கிப் பிடித்திருக்க வேண்டும் என்பதால், முன்னேறி நடக்கும் கைலால் அதை வீச முடியாது. அவர் எறிகணையோடு தயாராக இருக்கிறாரா என்பதை அவர் நிற்கும் விதத்தைப் பார்த்தே எதிராளி கணிக்கலாம். மல்யுத்த வீரரான ஸாங்கிஃபின் பிடிக்கு ஸ்டிக்கை முழு வட்டமாகச் சுற்ற வேண்டும், அந்த வட்டத்தில் மேல்திசையும் இருப்பதால் சும்மா நின்றபடி சுற்றினால் அவர் குதித்துவிடுவார். அதனால் வேறோர் அசைவுக்குள் அதை மறைத்துச் சுற்றுகிறார்கள். அசைவை எடுத்துவிடும்போது இந்தக் கட்டுப்பாடும் சேர்ந்தே போய்விடும். போன கட்டுப்பாட்டுக்கு ஈடாக வேறொன்றை வைத்தாக வேண்டும்.

ஜூன் 2023இல் வெளிவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 இதை எப்படிக் கையாண்டது என்பதை அருகில் சென்று பார்ப்போம். எதிராளி உங்களை நோக்கிக் குதிக்கிறார். அவர் தரையைத் தொட முக்கால் நொடிக்கும் குறைவாகவே இருக்கிறது. கிளாசிக் என்ற பழைய கட்டுப்பாட்டு முறையில் ஆடுபவர் அந்தக் குதிப்பைக் கண்டு, தாம் செய்துகொண்டிருந்ததை நிறுத்தி, மூன்று திசைகளைச் சுற்றிக் குத்தை அமுக்க வேண்டும். மாடர்ன் என்ற எளிய முறையில் ஆடுபவர் முன்னோக்கித் தள்ளி ஸ்பெஷல் பட்டனை அமுக்கினால் ஷோரியூகென் வந்துவிடும். இது பெரிய சாதகம், ஏனெனில் மாடர்ன் ஆட்டக்காரரை நோக்கிக் குதிப்பதே ஆபத்தாகிவிடுகிறது. இதற்கு ஈடாக, ஒரே பட்டனில் வரும் ஸ்பெஷல் அடிகள் 80 சதவீதச் சேதமே தருகின்றன. கிளாசிக்கில் கிடைக்கும் சாதாரண அடிகள் சில மாடர்னில் கிடைப்பதே இல்லை. மாடர்னில் இருந்துகொண்டே ஸ்டிக் அசைவைச் செய்தால் முழுச் சேதமும் கிடைக்கும் என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த நுட்பம். எளிய முறையில் நுழைந்தவரைக் கடினமான முறையை நோக்கி அது மெதுவாக இழுக்கிறது, ஆனால் கட்டாயப்படுத்துவதில்லை.

அதே கேமில் டைனமிக் என்று மூன்றாவது முறையும் உண்டு. இருக்கும் தூரத்தைப் பார்த்துக் கேமே பொருத்தமான அடியைத் தேர்ந்தெடுத்துப் போடும். இங்கே கேம் எளிதாக்குவது விரலின் வேலையை மட்டும் அன்று, முடிவையும் தானே எடுத்துக்கொள்கிறது. ஆன்லைன் மோதல்களில் அதற்கு இடமில்லை என்று வைத்தது சரியான எல்லைக்கோடு. குடும்பத்தோடு ஒரே சோஃபாவில் அமர்ந்து ஆடும்போது அது இருக்கட்டும்.

ஜனவரி 2024இல் வந்த டெக்கன் 8இன் ஸ்பெஷல் ஸ்டைல் வேறு வழியில் செல்கிறது. ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு பட்டனை அமுக்கி எளிய முறைக்கு மாறலாம், மறுபடி அமுக்கித் திரும்பலாம். நூற்றுக்கும் மேற்பட்ட அடிகள் கொண்ட ஒரு கதாபாத்திரத்தின் பயனுள்ள சில அடிகள் மட்டும் நான்கு பட்டன்களில் வந்து அமர்கின்றன. அடிகளின் பட்டியலே பெரிய சுமையாக இருக்கும் கேமுக்கு இது பொருந்தும். சிறிய கேமுக்கு இது தேவையில்லை. முதல் கேம் செய்பவருக்கு நான் சொல்வது: ஸ்பெஷல் அடிகளை ஒரு திசையும் ஒரு பட்டனுமாக வையுங்கள், ஒரு கதாபாத்திரத்துக்கு நான்கைத் தாண்டாதீர்கள், ஒவ்வொன்றும் தவறும்போது என்ன விலை கொடுக்க நேரும் என்பதை அடியை வரைவதற்கு முன்பே எழுதிவைத்துவிடுங்கள்.

படி 3: கைப்பிழைக்கு இடம்

இது சிறிய வேலை, பலன் பெரிது. முந்தைய அடி முடிவதற்குச் சில ஃபிரேம்கள் முன்னதாகவே பட்டனை அமுக்கிவிட்டால், கேம் அதை நினைவில் வைத்திருந்து முடிந்தவுடன் செயல்படுத்த வேண்டும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் IVஇல் சரியாக ஒரே ஃபிரேமில் அமுக்கினால்தான் இணையும் அடித்தொடர்கள் இருந்தன. அடுத்த கேமில் அந்த இறுக்கம் தளர்த்தப்பட்டது. சில ஃபிரேம் இடைவெளி விட்டதால் தேர்ந்தவர்களின் ஆட்டம் மலிந்துவிடவில்லை. மூன்று அல்லது நான்கு ஃபிரேமில் தொடங்கிச் சோதித்துப் பாருங்கள். அதற்கு மேல் போனால் ஆட்டக்காரர் கேட்காத அடிகள் வரத் தொடங்கும். அது இன்னும் பெரிய எரிச்சல்.

படி 4: கண்டபடி அமுக்குபவரை என்ன செய்வது

டெக்கன் 3இன் எடி கோர்டோவைப் பலருக்கு நினைவிருக்கும். நடனம் போன்ற பிரேசில் சண்டைக்கலையான கப்போயேரா ஆடும் அவருடைய உதைப் பட்டன்கள் இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்கினாலே சுழன்று சுழன்று உதைப்பார். பார்ப்பவருக்கு ஆட்டக்காரர் பெரிய வித்தைக்காரர் என்று தோன்றும். மணிக்கணக்கு வாடகைக்குப் பிளேஸ்டேஷன் ஆடவிட்ட நம் ஊர் கேம் சென்டர்களில் எடியை எடுப்பவரைப் பார்த்து மற்றவர்கள் முகம் சுளித்ததும் உண்டு. அந்த முகச்சுளிப்பு வடிவமைப்பாளருக்குப் பயனுள்ள செய்தி. எடி புதியவருக்கு உடனடி மகிழ்ச்சி தந்தார், அதில் தவறில்லை. அவரை எப்படித் தடுப்பது என்பது எதிரே அமர்ந்த இன்னொரு புதியவருக்குத் தெரியவே வழியில்லாமல் போனதுதான் குறை.

எனவே கண்டபடி அமுக்கினாலும் திரையில் அழகாக ஏதாவது நடக்கட்டும், ஆனால் அப்படி வரும் தொடரின் கடைசி அடி தடுக்கப்பட்டால் கை திரும்ப நெடுநேரம் ஆக வேண்டும். அந்த நேரத்தில் கதாபாத்திரம் தள்ளாடுவதோ மூச்சு வாங்குவதோ தெளிவாகத் தெரிய வேண்டும். பதிலடி கொடுக்கலாம் என்பதை எதிராளி எண்களைப் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. கண்ணால் கண்டு தெரிந்துகொள்ள வேண்டும். புதியவர் ஒருவர் தாமாக முதன்முதலில் கற்கும் பாடம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

படி 5: காம்போ எவ்வளவு நீளலாம்

காம்போ, அதாவது எதிராளி தப்ப இடமின்றி இணையும் அடித்தொடர், யாரும் திட்டமிட்டு வைத்ததன்று. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் IIஐ உருவாக்கியபோது, காரை உடைக்கும் போனஸ் கட்டத்தைச் சோதித்த நொரிடாகா ஃபுனாமிசு, ஓர் அடி முடியும் முன்பே அடுத்ததை இணைக்க முடிவதைக் கவனித்தார். அப்படிச் செய்வது மிகக் கடினம் என்பதால் கெடுதல் இல்லையென்று விட்டுவிட்டார்கள். அதைப் பற்றி ஒன்றுமே அறியாதவரும் அந்தக் கேமை மகிழ்ச்சியாக ஆடினார். கண்டுபிடித்தவருக்கு அதற்குள் இன்னொரு கேம் கிடைத்தது. ஆழம் என்பது வாசலில் நிற்கும் காவலாளியாக இல்லாமல், உள்ளே போனவருக்குத் தெரியவரும் அறையாக இருந்தது அந்தக் கேமின் அதிர்ஷ்டம்.

பின்னாளில் காம்போக்கள் நீண்டுகொண்டே போயின. அடிபடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு தன் கதாபாத்திரம் உதைபடுவதைப் பார்த்திருக்கும் நேரமும் நீண்டது. ஸ்மாஷ் பிரதர்ஸை உருவாக்கிய மசஹிரோ சகுராய், ஆர்கேடில் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 95 ஆடியபோது எதிர்ப்பக்கம் ஆடுபவரைக் காம்போக்களால் நொறுக்கிவிட்டு, அங்கே அமர்ந்திருந்தது விளையாட்டுக்குப் புதிய ஓர் இணை என்று கண்டு வருந்தியதைச் சொல்லியிருக்கிறார். 1999இல் வந்த அவருடைய கேமில் உயிர்க்கோட்டுக்குப் பதில் சதவீதம் இருந்தது. சேதம் ஏற ஏற ஒவ்வோர் அடியும் எதிராளியை இன்னும் தொலைவுக்குத் தள்ளும். அதனால் மனப்பாடம் செய்த ஒரே தொடர் எல்லா நிலையிலும் செல்லுபடியாகாது. ஒவ்வொரு முறையும் தூரத்தைப் பார்த்து அடுத்த அடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2018இன் டிராகன் பால் ஃபைட்டர்ஸ் எதிர்த்திசையில் சென்றது. ஒரே பட்டனைத் தொடர்ந்து அமுக்கினால் தானாகக் காம்போ ஓடும், ஸ்பெஷல் அசைவுகள் பெரும்பாலும் ஸ்டிக்கைக் கால்பங்கு வட்டம் சுற்றுவதோடு நின்றன. முதல் மாலை அது வாணவேடிக்கை. ஆனாலும் ஆட்டோ காம்போ ஒன்றே போதும் என்று எண்ண வேண்டாம் என்பேன். இரு ஆட்டக்காரர்களும் ஒரே தொடரையே மீண்டும் மீண்டும் பார்க்க நேர்ந்தால் மூன்றாம் நாள் அது சலிக்கிறது. வைப்பதென்றால் நான்கு அடிகளுக்குள் முடியும்படி வைத்து, நடுவில் எங்கே வேண்டுமானாலும் ஆட்டக்காரர் விலகி வேறோர் அடிக்குப் போகும் கிளைகளை விட்டுவையுங்கள். காம்போவில் அடுத்தடுத்து வரும் அடிகளின் சேதம் குறைந்துகொண்டே போகட்டும். முடிவே இல்லாத தொடர்கள் கட்டாயம் எங்காவது ஒளிந்திருக்கும். 2012இல் வந்த ஸ்கல்கேர்ல்ஸ், ஒரே தொடர் திரும்ப வருவதைத் தானே கண்டுபிடித்து, அடிபடுகிறவர் விடுபட வழி தந்தது. உங்கள் கேமில் அவ்வளவு நுட்பம் தேவையில்லை. காம்போ இத்தனை நொடிக்கு மேல் நீண்டால் எதிராளி தானாக விழுந்து தப்பிப்பார் என்ற ஒரு விதியே முதலில் போதும்.

படி 6: அதிர்ஷ்டமும் மீட்சியும்

தோற்றுக்கொண்டிருப்பவருக்கு நம்பிக்கை தரும் வழிகள் பல உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் IVஇல் வாங்கிய அடியால் நிரம்பும் அல்ட்ரா என்ற பெரும் தாக்குதல், டெக்கன் 7இல் உயிர்க்கோடு குறைந்தவுடன் கிடைக்கும் ரேஜ் என்ற கூடுதல் வலிமை, மார்வெல் வெர்சஸ் கேப்காம் 3இல் கடைசி வீரரிடம் மிகுந்த வலிமை காட்டும் எக்ஸ்-ஃபேக்டர் எல்லாம் அவ்வகை. இவற்றில் ரேஜ் போன்றது எளிதாகப் பொருந்துகிறது, ஏனெனில் அது இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும், அதில் வரும் பெரிய அடியை ஊகித்துத் தடுத்தால் அது வீணாகிவிடும். எக்ஸ்-ஃபேக்டர் அதுவரை நடந்ததையே அழித்துவிடும் அளவுக்குப் பெரிதாக இருந்தது. வெறும் அதிர்ஷ்டத்தை நாடுவது இவற்றைவிட மோசம். 2008இன் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிராலில் ஓடத் தொடங்கும் கதாபாத்திரம் காரணமின்றிச் சில நேரம் இடறி விழுந்தது. அது போட்டியாளரை எரிச்சலூட்டியது, புதியவருக்கும் ஒன்றும் தரவில்லை. அடுத்த கேமில் எடுத்துவிட்டார்கள். அதே தொடரில் பொருட்கள் விழுவதை அணைக்கவும் மேடையைத் தேர்வுசெய்யவும் விதி அமைப்பு இருந்தது. விருந்துக் கூட்டமும் போட்டிக் கூட்டமும் ஒரே டிஸ்க்கைப் பயன்படுத்தியது அதனால்தான். அதிர்ஷ்டம் வேண்டுமென்றால் அதை அணைக்கக்கூடியதாக வையுங்கள்.

படி 7: மோதலுக்கு வெளியே

பிப்ரவரி 2016இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் V வந்தபோது அதில் கணினி எதிராளிகளோடு தனியாக ஆடும் ஆர்கேட் முறை இல்லை. ஆன்லைனில் மோதத் தயாராக இருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது, தனியாக ஆட வாங்கியவர்கள் கடுப்பானார்கள். ஜனவரி 2018இல் ஆர்கேட் எடிஷன் வந்தபோதுதான் அந்தக் குறை தீர்ந்தது. சிறிய குழுவால் கதை முறை செய்ய இயலாது என்றாலும், கணினியோடு எட்டு எதிராளிகளைச் சந்திக்கும் எளிய ஏணியாவது வையுங்கள். கணினி எதிராளியை வேகத்தில் கடினமாக்காமல், ஒவ்வொருவரையும் ஒரு பாடமாக்குங்கள்: குதித்துக்கொண்டே வருபவர், தடுத்துக்கொண்டே இருப்பவர், பிடிக்க மட்டுமே வருபவர். தனியாக ஒரு பாடப்பகுதி எழுதுவதை விட இது அதிகம் கற்றுத்தரும்.

ஆன்லைன் வைப்பதென்றால் ரோல்பேக் முறையைத் தவிர்க்க வழியில்லை. எதிராளியின் பட்டன் வந்துசேரக் காத்திராமல் கேம் ஊகித்து ஓடும். ஊகம் தவறினால் சில ஃபிரேம் பின்சென்று திருத்திக்கொள்ளும். இதற்காக டோனி கேனன் உருவாக்கிய ஜிஜிபிஓ என்ற நிரல் தொகுப்பு 2019 முதல் திறந்த நிரலாகக் கிடைக்கிறது. இதை முதல் நாளே திட்டமிட வேண்டும். கேமின் முழு நிலையையும் ஒவ்வொரு ஃபிரேமிலும் சேமித்து மீட்கும்படி எழுதாத நிரலில் பிறகு சேர்ப்பது ஏறத்தாழ மறுபடி எழுதுவதற்குச் சமம். புதியவரைப் புதியவரோடு கோக்கும் தரவரிசையும் அத்துடன் வர வேண்டும். எவ்வளவு எளிய கட்டுப்பாடு வைத்தாலும், முதல் பத்து ஆட்டத்திலும் தேர்ந்தவர் கையில் நொறுங்குபவர் பதினோராவதுக்கு வரமாட்டார்.

படி 8: சோதனையும் திருத்தமும்

கதாபாத்திரங்களைக் குறைவாக வைத்துக்கொள்வதற்குக் கணக்கே காரணம். நான்கு பேர் என்றால் தன்னோடு தானே மோதுவதையும் சேர்த்துப் பத்துச் சேர்க்கைகள். எட்டுப் பேர் என்றால் 36. இருபது பேர் என்றால் 210. ஸ்ட்ரீட் ஃபைட்டர் II எட்டுப் பேரோடுதான் உலகைச் சுற்றியது. நான்கில் தொடங்குங்கள்.

சோதனைக்கு மூன்று வகை இணைகளை அமர்த்துங்கள்: இரண்டு புதியவர்கள், இரண்டு தேர்ந்தவர்கள், ஒருவர் புதியவர் ஒருவர் தேர்ந்தவர். அவர்களுக்கு எதையும் விளக்காமல் பின்னால் நின்று பாருங்கள். புதியவர் இருவரும் ஆடும்போது எந்த அடியை யாருமே போடவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அது தேவையற்றது, அல்லது அதற்குப் போகும் வழி மறைந்திருக்கிறது. தேர்ந்தவர் இருவரும் ஆடும்போது எந்த அடியை விடாமல் போடுகிறார்கள் என்று பாருங்கள். அதற்கு விலை போதவில்லை. கலந்த இணையில் புதியவர் தோற்பார், அதைத் தடுக்க முயல வேண்டாம். தோற்ற பிறகு அவர் தாம் ஏன் தோற்றோம் என்பதை ஒரு வாக்கியத்திலாவது சொல்கிறாரா என்பதே நீங்கள் கேட்க வேண்டியது. "அவர் குதிக்கும்போதெல்லாம் நான் அடி வாங்கினேன்" என்று சொல்பவர் அடுத்த சுற்றுக்கு ஏற்கெனவே தயாராகிவிட்டார். "ஒன்றும் புரியவில்லை" என்றால் குறை உங்கள் அசைவூட்டத்திலோ ஒலியிலோ இருக்கக்கூடும்.

வெளியிட்ட பிறகு வரும் புகார்களையும் இரண்டாகப் பிரியுங்கள். ஸாங்கிஃப் போன்ற பிடிக்காரர்கள் புதியவர்களிடம் பூதமாகத் தெரிவார்கள், மேல்மட்டத்தில் அவ்வளவு மிரட்டமாட்டார்கள். அங்கே வலிமையைக் குறைத்தால் அந்தக் கதாபாத்திரத்தை உழைத்துக் கற்றவர்கள்தான் தண்டிக்கப்படுவார்கள். எதிர்வழி தெளிவாகத் தெரியும்படி அசைவையும் ஒலியையும் திருத்தினாலே பாதிப் புகார் அடங்கும். மாறாக, டெக்கன் 7இல் டிசம்பர் 2019இல் சேர்ந்த லீராய் ஸ்மித் என்ற கதாபாத்திரம் சில வாரங்களிலேயே எவோ ஜப்பான் இறுதிச் சுற்றில் பெரும்பாலானோர் கையில் இருந்தது. அத்தகைய நிலையில் எண்களையே குறைக்க வேண்டும், அந்தக் கேமின் நிறுவனமான பண்டாய் நாம்கோவும் குறைத்தது. முடிவில்லாத காம்போ கண்டுபிடிக்கப்பட்டால் அன்றே திருத்துங்கள். மற்றவற்றுக்குச் சில வாரங்கள் பொறுத்திருங்கள்; அதற்குள் ஆட்டக்காரர்களே பதில் கண்டுபிடித்துவிட்ட அடியைக் குறைப்பதைப் போன்ற வீண் வேலை வேறில்லை. ஒவ்வொரு திருத்தத்திலும் ஒரு கதாபாத்திரத்துக்கு ஓரிரு எண்களுக்கு மேல் மாற்றாதீர்கள். மாற்றியவற்றையும் அதற்கான காரணத்தையும் ஆட்டக்காரர்கள் படிக்கும்படி வெளியிடுங்கள்.